தும்மல் இல்லாத மாதம்

அந்த மாதம் தையல்கூடத்தில் யாரும் தும்மவில்லை.

வேறு கம்பெனியில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ராணுவ உடுப்பு தைக்கும் அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் அதுதான் தலைப்புச் செய்தி. வருஷா வருஷம் வெயில் ஏற ஆரம்பித்ததும் லாரியில் பஞ்சு லைனிங் வந்து இறங்கும். வெளிநாட்டு முகாமில் நிற்கும் சிப்பாய்களின் குளிர்கோட்டுக்கு. வெயிலில் தைத்தால்தான் குளிருக்குப் போய்ச் சேரும். சுருளைப் பிரித்த அன்றே இரண்டாவது மாடி முழுக்கப் பஞ்சு பறக்கும். நூற்றிருபது பெண்களும் மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு தும்மிக்கொண்டே தைப்பார்கள். அதற்குப் பெயரே தும்மல் மாதம்.

சண்டை நடந்தது எட்டு மாதம். அது முடிந்து ஐந்து வருஷம். முடிந்துபோன சண்டைக்கு இன்னும் கோட்டு தைத்துக்கொண்டிருந்தார்கள்.

இந்த வருஷம் பஞ்சு வரவில்லை.

"லாரி கெட்டுப் போயிருக்கும்" என்றாள் ஒருத்தி.

"ஒரு மாசமாவா கெட்டுப் போயிருக்கும்? அது லாரியா, உன் மாமியார் முழங்காலா?" என்றாள் நாலு.

அந்தக் கூடத்தில் யாருக்கும் பெயர் கிடையாது, மெஷின் நம்பர்தான். நாலாம் மெஷின்காரி நாலு. ஐம்பதைத் தாண்டியவள், வாய் கொஞ்சம் நீளம், மகன் அந்த முகாமில் சமையல்காரன். பதினேழாம் மெஷினில் உட்கார்ந்திருப்பவள் பதினேழு. அவள் புருஷனும் அங்கேதான், பாலத்துக் காவலில். 'ஆறே மாசம்' என்று சொல்லிவிட்டுப் போனவன். போய் நாலு வருஷம் ஆகிறது.

"பதினேழு, உன் மரமண்டையில ஏதாவது உறைக்குதா?" என்றாள் நாலு. "பஞ்சு இல்லன்னா கோட்டு இல்ல. கோட்டு இல்லன்னா குளிர்காலத்துக்கு அங்க ஆள் இல்ல. ஆள் இல்லன்னா?"

பதினேழின் கால் பெடலிலிருந்து தானாக எழுந்தது.

"வராங்களா அக்கா?"

"நான் சொல்லல. பஞ்சு சொல்லுது."

அவ்வளவுதான். டீ நேரத்துக்குள் செய்தி மூன்று மாடியும் ஏறி இறங்கிவிட்டது. வெட்டுமேஜைக்காரரான மாஸ்டரிடம் போய்க் கேட்டார்கள். அவர் கத்தரியைக் கீழே வைக்காமலே, "எனக்கு ஆர்டர் வந்தா வெட்டுவேன், வரலன்னா வெட்ட மாட்டேன். ஜோசியம் பாக்கறதில்ல" என்றார். மறுக்கவில்லை அல்லவா? அது போதாதா?

கோட்டில் இன்னொரு சங்கதியும் உண்டு. தைத்து முடித்த ஒவ்வொரு கோட்டின் உள்பாக்கெட்டிலும் தைத்தவளின் மெஷின் நம்பர் அச்சடித்த சின்னச் சீட்டைப் போடுவார்கள். தையலில் குறை இருந்தால் ஆளைப் பிடிப்பதற்காக. பதினேழின் புருஷன் ஒவ்வொரு குளிர்காலத்திலும் புதுக் கோட்டு கைக்கு வந்ததும் முதல் வேலையாகப் பாக்கெட்டுக்குள் கையை விடுவான். முதல் வருஷம் முப்பத்திரண்டு. இரண்டாவது வருஷம் எட்டு. மூன்றாவது வருஷம் நாலு. அந்த வருஷம் முழுக்க நாலு அவளை விடவில்லை. "உன் வீட்டுக்காரர் என் கைப்பிடியில இருக்காரு, ஜாக்கிரதை!" போன வருஷம் இருபத்தொன்று. பதினேழு மட்டும் இதுவரை வந்ததே இல்லை.

இனி வரவும் வேண்டாம். ஆளே வரும்போது கோட்டு எதற்கு?

*

அத்தைக்கு விஷயத்தைச் சொன்னதும் அவள் மருமகளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அரசாங்கம் சொல்லுச்சா?"

"இல்ல அத்தை. பஞ்சு வரல."

"நல்ல ஆதாரம்தான்" என்றாள் அத்தை. ஆனால் மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால், இடுப்பு வலிக்காரி தன் கட்டிலைத் தானே தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் ஹாலில் போட்டிருந்தாள். அந்த வீட்டில் படுக்கையறை ஒன்றே ஒன்று. மகன் போனதிலிருந்து மருமகள், பேத்தி, அவள் மூவரும் அதில்தான் படுத்தார்கள்.

"ஏன் அத்தை இதெல்லாம்? இடுப்பு என்னத்துக்கு ஆகும்?"

"ஹால்ல காத்து நல்லா வருது. உனக்கென்ன போச்சு?"

ஆறு வயதுக் குட்டிக்கு அப்பா என்றால் ஞாயிற்றுக்கிழமை. காலை ஒன்பதிலிருந்து ஒன்பது பத்து வரை போனில், கூடாரத் துணிக்கு முன்னால் தெரியும் முகம். வருஷத்துக்கு இருபது நாள் லீவில் அந்த முகம் உடம்போடு வரும். வந்து, சொந்த வீட்டில் சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று கேட்கும். கிளம்புகிற நாளில்தான் டப்பா இருக்கும் இடம் அதற்குப் பழகியிருக்கும்.

"இந்தத் தடவை வந்தா போக மாட்டாரு" என்று பதினேழு மகளிடம் சொல்லிவிட்டாள். சொல்லியிருக்கக் கூடாது. வாய் கேட்கவில்லை.

"எத்தனை ஞாயிறு இருக்கும்மா?"

குளிர் தொடங்குவதற்கு முன் என்று கணக்குப் போட்டு, "பதினாலு" என்றாள். குட்டி அலமாரிக் கதவின் உள்பக்கம் பதினாலு கோடு போட்டுவைத்தாள்.

அந்த ஞாயிறு போனில் அவள் மெதுவாகப் பேச்சைப் போட்டாள். படை நகர்வதைப் பற்றி அவன் வாயைத் திறக்கக் கூடாது, அது சட்டம். அதனால் அவளும் சுற்றி வளைத்தாள்.

"இங்க இந்த வருஷம் பஞ்சே வரல."

அவன் முகம் அசையவில்லை. லைன் கட் ஆகிவிட்டதோ என்று அவள் போனைத் தட்டினாள்.

"வரலையா?" என்றான் கொஞ்சம் கழித்து. "சரி. தும்மாம இருங்க." உடனே குட்டியின் பல் விழுந்ததைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிட்டான்.

சொல்லக் கூடாது என்பதால் சொல்லவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். சந்தோஷத்தை அடக்கும் முகம் அப்படித்தான் இருக்கும் என்றும் நினைத்துக்கொண்டாள். நினைப்புக்கு யார் கணக்குக் கேட்பது?

*

கூடமே குதூகலித்துக்கொண்டிருக்க, பொத்தான் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

அவள் பொத்தான் மெஷின்காரி. பேச்சு குறைவு என்பதால், 'வாய்க்கும் சேர்த்துப் பொத்தான் போட்டவ' என்று நாலு வைத்த பெயர். அவள் முகாம் இருக்கும் அந்த நாட்டுக்காரி. சண்டையின்போது அக்காவோடு எல்லை தாண்டி வந்து, இங்கேயே தங்கி, நம் மொழி கற்று, நம் சிப்பாய்களுக்குப் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டு மேஜையில் நாலு வழக்கம்போலச் சபை நடத்தினாள்.

"நான் கேக்கறேன், ஆபரேஷன் முடிஞ்சா டாக்டர் வீட்டுக்குப் போகணுமா இல்லையா? நோயாளி வீட்டு ஹால்லயே குடித்தனம் வெச்சா என்ன நியாயம்?"

எல்லோரும் சிரித்தார்கள். பொத்தான் தன் சாப்பாட்டு டப்பாவை மூடினாள்.

"தையல் பிரிக்கற வரைக்கும் டாக்டர் இருக்கணும் இல்ல?" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

பதினேழு அவள் பின்னாலேயே போனாள். மூன்றாவது மாடிக்கு ஏறும் படிக்கட்டில், பழைய சாக்குக் கட்டுகளுக்குப் பக்கத்தில் பொத்தான் உட்கார்ந்திருந்தாள். அழுது முடித்த முகம்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. நீ சந்தோஷமா இரு. நான் குறுக்க வரல."

"என் மேல கோவமா?"

பொத்தான் சாக்குக் கட்டைத் தள்ளி இடம் விட்டாள்.

"எங்கம்மா அங்கேயே இருக்கா. பாலம் முடியற இடத்துல வீடு. சண்டை நடந்தப்போ ஷூ போட்டுக்கிட்டுத்தான் படுப்பா. ராத்திரி ஓட வேண்டி வந்தா கயிறு கட்ட நேரம் இருக்காது இல்ல? சண்டை முடிஞ்சும் ஷூவக் கழட்டல. உங்க ஆளுங்க பாலத்துல வந்து நின்னாங்க பாரு, அப்புறம் ஒரு மாசம் கழிச்சுத்தான் கழட்டினா." மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இங்க பஞ்சு வரலன்னு போன வாரம் சொன்னேன். நேத்து கேட்டா, ஷூவ எடுத்துக் கட்டில் பக்கத்துல வெச்சுட்டாளாம். இன்னும் போட்டுக்கல. பக்கத்துல வெச்சிருக்கா."

பதினேழுக்கு 'எல்லாம் சரியாயிடும்' என்று சொல்ல வாய் வந்தது. யாருக்குச் சரியாகும்? அத்தையின் கட்டில் ஹாலுக்குப் போனால் இந்த அம்மாவின் ஷூ காலுக்குப் போகிறது. அவள் பொத்தானின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மணி அடித்ததும் இருவரும் சேர்ந்தே இறங்கினார்கள்.

*

பதினாலு கோடுகளில் ஐந்தைக் குட்டி அடித்திருந்தபோது லாரி வந்தது.

ஜன்னலோரத்துக்காரி எட்டிப் பார்த்து, "பஞ்சு!" என்று அலறிவிட்டாள். கூடத்தின் உயிர் ஒரு நிமிஷம் நின்றது. ஆனால் கட்டுகள் மேலே வந்து மாஸ்டர் பிரித்தபோது, உள்ளே பஞ்சு இல்லை. மெல்லிய சாம்பல் நிறத் துணி. நாலு வந்து ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"இது கோட்டுக்கு ஆகாது. என்ன மாஸ்டர் இது?"

"ஜன்னல் திரை. மூவாயிரத்து இருநூறு."

"அப்பாடா!" என்று நாலு நெஞ்சில் கையை வைத்தாள். "ஆஸ்பத்திரி ஆர்டர்."

எல்லோருக்கும் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. பதினேழு மட்டும் கட்டின் மேலிருந்த விலாசச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு வருஷமாகக் கோட்டுக் கட்டுகளில் அவள் கையாலேயே ஒட்டிய அதே முகாம் எண்.

"மாஸ்டர்" என்றாள். "கூடாரத்துக்கு ஜன்னல் ஏது?"

மாஸ்டர் கத்தரியைக் கீழே வைத்தார். அவர் கத்தரியைக் கீழே வைத்துப் பேசி அங்கே யாரும் பார்த்ததில்லை.

"கூடாரம் இல்லம்மா. கல் கட்டடம் கட்டிட்டாங்க. சுவத்துக்குள்ள வெந்நீர்க் குழாய் ஓடுது. உள்ள குளிரே தெரியாதாம். காவலுக்கு வெளிய நிக்கறவங்களுக்குப் பழைய கோட்டே போதும்னுட்டாங்க. அதான் பஞ்சு வரல." ஆர்டர் காகிதத்தை மடித்தார், மறுபடி பிரித்தார். "ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை திரை மாத்தணும். பத்து வருஷத்துக்கு ஆர்டர்."

பத்து வருஷம் என்றதும் யாரோ விசும்பினார்கள். நாலு மட்டும் எதுவுமே சொல்லாமல் தன் மெஷினுக்குப் போய் உட்கார்ந்தாள். அவள் பேசாததுதான் எல்லோரையும் பயமுறுத்தியது.

பதினேழு அளவுக் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். அகலம் மூன்றடி, ஒரு அறைக்கு ஒரு ஜன்னல். மூன்றடி ஜன்னலுக்குப் பின்னால் எவ்வளவு பெரிய அறை இருக்கும்? ஒற்றைக் கட்டில் போடலாம். பெண்டாட்டி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகவும் வழியில்லை என்பதைத் தையல்காரிக்கு அந்த மூன்றடியே சொல்லிவிட்டது.

பொத்தான் அருகில் வந்து நின்றாள். திரைக்குப் பொத்தான் கிடையாது, வளையம்தான். அவளை வளையம் அடிக்கச் சொல்லியிருந்தார்கள்.

"உனக்குச் சந்தோஷமா?" என்று பதினேழு கேட்டாள். கத்தியால் குத்துகிற மாதிரித்தான் கேட்டாள்.

பொத்தான் தலையைக் குனியவில்லை.

"ஆமா. பொய் சொல்ல மாட்டேன். எங்கம்மா இன்னைக்கு ஷூவ உள்ள எடுத்து வெச்சுடுவா." குரல் உடைந்தது. "உன் முகத்தப் பாத்தா வெக்கமாவும் இருக்கு. ரெண்டும் இருக்கு. நான் என்ன பண்றது?"

பதினேழு பக்கத்து ஸ்டூலைக் காலால் தள்ளினாள், உட்காரட்டும் என்று.

*

அத்தை கேட்டுவிட்டு ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

"ஆறு மாசம்னு இரவல் வாங்கிட்டுப் போனவங்க, இப்ப நம்ம பாத்திரத்துக்கு அவங்க வீட்ல அலமாரியே செஞ்சுட்டாங்க."

கட்டிலை உள்ளே போடலாம் என்று பதினேழு ஒரு முனையைத் தூக்கினாள். அத்தை மறுமுனையில் உட்கார்ந்துவிட்டாள்.

"விடு. காத்து வருதுன்னு சொன்னேன் இல்ல?"

குட்டியிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. குட்டி அலமாரிக் கதவைத் திறந்து மிச்சமிருந்த ஒன்பது கோடுகளைப் பார்த்தாள். அழுவாள் என்று பதினேழு எதிர்பார்த்தாள்.

"அப்ப எண்ணறத நிறுத்திடவாம்மா?" என்றாள் குட்டி.

அழுதது பதினேழுதான்.

ஞாயிறு ஒன்பது மணிக்கு அவன் முகம் வந்தது. பின்னால் கூடாரத் துணி இல்லை. வெள்ளைச் சுவர். அத்தை குட்டியை வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள் அவள்.

"சுவர் எழும்பறதத் தினம் பாத்துட்டுத்தான் இருந்தேன். சொல்லக் கூடாதுங்கறது சட்டம். ஆனா அதுக்காகச் சொல்லாம இல்ல. பஞ்சு வரலன்னு நீ சொன்னப்போ உன் முகம் எப்படி இருந்துச்சு தெரியுமா? நாலு வருஷத்துல அந்த முகத்த நான் பாத்ததில்ல. அதக் கெடுக்க வாய் வரல."

"திரும்பி வரவே முடியாதா?"

"இன்னும் ரெண்டு வருஷத்துல என் முறை முடியுது. அப்புறம் வேற ஆள் வருவான். இடம் காலியாகாது, ஆள்தான் மாறுவான்."

"சண்டை முடிஞ்சு அஞ்சு வருஷம் ஆச்சுங்க. யாரத்தான் காக்கறீங்க?"

அவன் எங்கேயோ பார்த்தான். அங்கேதான் ஜன்னல் இருக்க வேண்டும்.

"தினம் ஏழு மணிக்குப் பாலத்து மேல ஒரு ஸ்கூல் பஸ் போகுது. முதல் வருஷம் பஸ்ஸே கிடையாது. நாங்க நிக்கறதால போகுதா, நாங்க இல்லன்னாலும் போகுமா, ஒருத்தருக்கும் தெரியல. தெரிஞ்சுக்கணும்னா நாங்க கிளம்பிப் பாக்கணும். அந்தப் பரீட்சைய எழுத மேல இருக்கறவங்களுக்கு தைரியம் இல்ல. சத்தியமா சொல்றேன், எனக்கும் இல்ல."

"அந்த பஸ்ல போற பிள்ளைங்களோட அப்பாங்க வீட்ல இருக்காங்களா?"

"இருக்காங்க."

அவள் மணியைப் பார்த்தாள்: இன்னும் இரண்டு நிமிஷம்.

"ஜன்னல் எந்தப் பக்கம் பாத்து இருக்கு?" என்று கடைசியில் அவள் கேட்டாள்.

"பாலத்துப் பக்கம். திரை இன்னும் வரல. காலைல வெயில் நேரா மூஞ்சில அடிக்குது."

"வரும்" என்றாள் அவள். "நான்தான் தைக்கறேன்."

*

திரைக்குப் பாக்கெட் கிடையாது. சீட்டைப் போட இடமில்லை. "திரைக்குச் சீட்டு வேண்டாம், கட்டுல நம்பர் போட்டாப் போதும்" என்று மாஸ்டர் சொல்லிவிட்டார்.

பதினேழு முதல் திரையின் அடியை மடித்தாள். ஓட்டுவதற்கு முன் மேஜை டிராயரைத் திறந்தாள். பழைய சீட்டுக் கட்டு அப்படியே இருந்தது. ஒன்றை உருவி, மடிப்புக்குள் செருகி, மேலே தையல் ஓட்டினாள். வெளியே எதுவும் தெரியவில்லை. விரலால் தடவினால் மட்டும் சின்னதாக ஒரு மொறமொறப்பு.

பக்கத்து மெஷின்காரி பார்த்தாள். அவளும் டிராயரைத் திறந்தாள். மதியத்துக்குள் மாடி முழுக்க டிராயர்கள் திறந்து மூடின. மாஸ்டர் நடுவில் நடந்து வந்தார். நாலின் மேஜையில் நின்றார். ஒரு திரையை எடுத்து அடிமடிப்பைத் தடவினார்.

"இங்க என்னமோ கரகரன்னு இருக்கே?"

"துணி புதுசு மாஸ்டர்" என்றாள் நாலு. லாரி வந்த நாளிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு.

"ம். துவைச்சா சரியாயிடும்" என்று மாஸ்டர் போய்விட்டார்.

வளையம் அடிக்கும் இடத்தில் பொத்தான் ஒவ்வொரு திரையையும் வாங்கும்போது அடிமடிப்பை ஒரு தரம் விரலால் நீவிவிட்டு அனுப்பினாள். யாரும் சொல்லித்தரவில்லை.

அடுத்த ஞாயிறு பதினேழு அவனிடம், "திரை வந்ததும் அடிமடிப்பத் தடவிப் பாருங்க" என்று மட்டும் சொன்னாள்.

திரைகள் போய்ச் சேர்வதற்குள் இங்கே குளிர் வந்துவிட்டது. ஒரு ஞாயிறு போனில் அவன் முகத்துக்குப் பின்னால் சாம்பல் நிறம் தொங்கியது. அவள் தைத்த துணி. இல்லை, அவள் தைத்ததோ வேறொருத்தி தைத்ததோ.

"இருக்கு" என்றான். "வலது ஓரத்துல. தடவினேன்."

"எந்த நம்பர்?"

"பாக்கல."

"ஏன்? தையலப் பிரிச்சா வந்துடுமே. பிளேடு இல்லையா?"

"பிளேடு இருக்கு." அவன் திரையின் ஓரத்தை இழுத்துக் கையில் பிடித்துக்கொண்டான். "கோட்டுப் பாக்கெட்ல நாலு தடவை கைய விட்டுட்டேன், நாலு தடவையும் நீ இல்ல. இதப் பிரிச்சு முப்பத்திரண்டுன்னு வந்துடுச்சுன்னா? பிரிக்காம இருக்கற வரைக்கும் இது பதினேழுதான். தினம் காலைல திரைய விலக்கறப்போ தொட்டுப் பாத்துக்கறேன்."

நூற்றிருபது மெஷின். மூவாயிரத்து இருநூறு திரை. வாய்ப்பு எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும். கூடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"பிரிக்காதீங்க" என்றாள். "வரும்போது திரையோட எடுத்துட்டு வாங்க. இங்க வெச்சு நான் பிரிக்கிறேன்."

"அரசாங்கச் சொத்தும்மா. திரையத் திருடிட்டான்னு கேஸ் போடுவாங்க."

"போடட்டும். உங்கள எடுத்துட்டுப் போய் நாலு வருஷம் ஆச்சு, நாங்க யார் மேல கேஸ் போட்டோம்?"

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் ஒன்பது பத்து ஆகிப் போன் இருண்டது. அவள் போனை வைத்துவிட்டு அலமாரிக் கதவைத் திறந்தாள். பென்சிலை எடுத்து, குட்டியின் கோடுகளுக்குக் கீழே புதிதாக ஒரு வரிசை போட ஆரம்பித்தாள். இரண்டு வருஷத்துக்கு நூற்று நாலு ஞாயிறு. கதவு போதுமா என்று தெரியவில்லை. நெருக்கி நெருக்கிப் போட்டாள்.